மாரியின் வணக்கம்

டொராண்டோவில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் என் வலது கையைச் சினிமாச் சுவரொட்டியாக ஒட்டியிருக்கிறார்கள். கம்பைப் பிடித்த கை; மணிக்கட்டில் பட்டாசு மருந்து சுட்ட தழும்பு. அதற்கு மேலே இருக்கும் முகம் மட்டும் வேறொருத்தியுடையது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மாள், அந்தப் படத்தைப் பார்த்தால் உங்கள் ஊரைத் தெரிந்துகொள்ளலாமாமே என்று அன்பாகக் கேட்டார். தாராளமாக என்றேன்.

சுவரொட்டியில் இருப்பவள் ஒரு வீடியோ கேம் கதாபாத்திரம், பெயர் மாரி. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் கறுத்த பெண், சிலம்பம் ஆடுவாள். எங்கள் ஊர் ஆமத்தூரில் என் தங்கை செல்வி, கம்பெனி வேன் வரும்வரை செல்போனில் அவளைத்தான் சண்டை போடவிட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கேம் இங்கே படமாகிறது என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதே வேனில் போய் வந்தவள், ஆமத்தூர்க் களத்தில் கம்பு சுற்றியவள் நான். எனக்கு இல்லாமல் யாருக்கு அந்த வேடம்? ஆடிஷனில் வசனம் பேசவைத்தார்கள். தேர்வு செய்யும் பெண் சிரித்த முகத்தோடு, என் உச்சரிப்பில் இந்தியத்தன்மை போதவில்லை என்றார். வேடம் ஒரு வெளுத்த நடிகைக்குப் போனது. அவளுக்குக் கறுப்பு பூசினார்கள். அவளுக்குக் கம்பு சொல்லித்தருவதும், கடினமான இடங்களில் முகம் தெரியாமல் அவளுக்காக ஆடுவதும் என் வேலை. வயிறு எரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

சண்டைக்கு முன் மாரி வைக்கும் வணக்கம் ஒன்று வேண்டும், அசலாக இருக்கட்டும் என்றார் இயக்குநர். அசலையே கொடுத்தேன். எங்கள் களத்தில் தோற்றவர், வென்றவரின் காலடியில் கம்பைக் கிடத்திவிட்டுக் கைகட்டிப் பின்வாங்க வேண்டும். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பெரிய மரியாதை என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. படத்தில் அவள் ஒவ்வொரு சண்டையையும் தோற்றுவிட்டுத்தான் தொடங்குகிறாள். அவள் குனிந்த ஒவ்வொரு முறையும் என் வயிறு குளிர்ந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

படம் வெளியானதும் செல்வி போன் செய்தாள்.

"யக்கா, விருதுநகர் தியேட்டர்ல ஒரே சிரிப்பு. வில்லன் கால்ல அவ கம்ப வச்சதும், 'அதான் தோத்துட்டேல்ல, வீட்டுக்குப் போ ஆத்தா'னு பெரியாளுகளே சத்தம் போடுறாக. நீதான சொல்லிக் குடுத்த?"

ஆமாம் என்றேன். இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. படம் நன்றாக ஓடியது. நான் நடத்தும் சிலம்ப வகுப்பில் கூட்டம் சேர்ந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்ததும் என் காலடியில் கம்பை வைத்துக் கைகட்டிப் பின்வாங்குகிறார்கள். நான் திருத்தவில்லை. தோற்கட்டும் என்று நின்று ஏற்றுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை பிள்ளைகளுக்குள் போட்டி வைத்தேன். இந்த ஊரிலேயே பிறந்த என் மகள் கயலுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரப் பையன். நான் விசில் ஊதுவதற்குள் அவள் நேராகப் போய் அவன் காலடியில் கம்பைக் கிடத்தினாள்.

"கம்ப எடு ஆத்தா" என்று கத்திவிட்டேன். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

"ஏம்மா, நம்ம ஊர் வணக்கம்தானே?" என்றாள் கயல். பிறகு ஆமத்தூர்க்காரி என்ற பெருமை முகத்தில் பொங்க, கைகட்டிப் பின்வாங்கினாள்.