கத்தரிக்கோல் எடுத்த லூர்து மேரி

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது, நியூ டவுனிலிருந்து லூர்து மேரியின் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

லூர்து கிடர்பூரில் முப்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. நானும் அவரும் இருந்த வில்வித்தைக் குழுவில் அனைவரும் மரவில்தான் பிடிப்போம். நாணை அவரவரே முறுக்கிக்கொள்வோம். நான் மட்டும் விலக்கு. மறைந்த என் கணவரின் வில்லில், அவர் கடைசியாக முறுக்கிய நாணையே நான்கு ஆண்டுகளாக வைத்திருந்தேன்.

"யக்கா, இது அறுந்துச்சுன்னா வில்லும் சேந்து முறிஞ்சு போயிரும்" என்று லூர்து பலமுறை சொன்னார்.

"என் கணவர் முறுக்கியது. யாரும் தொட வேண்டாம்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு நாணையா விட்டுட்டுப் போனாரு? வில்லைத்தான விட்டுட்டுப் போனாரு!"

ஒரு ஞாயிறு, பயிற்சி முடிந்து நான் கழற்றி வைத்த நாணை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார்.

"ஹவ் டேர் யூ!" என்றேன்.

"அறுத்தாச்சுக்கா. இனி எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

திட்டவில்லை. ஐந்து வாரம் பேசவே இல்லை. துண்டுகளைப் பீரோவில் வைத்திருந்தேன். ஒருநாள், அம்பு பொருந்தும் இடத்தில் சுற்றியிருந்த காப்பு நூலைப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு இழைகளில் ஏழு உள்ளேயே அற்றிருந்தன.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் வீட்டுக்குப் போய், "எனக்கு நாண் முறுக்கத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? உக்காருங்க. மெழுகைத் தேய்ங்க."

ஆறு ஆறு இழையாக இரண்டு கத்தை. ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் முறுக்கி, இரண்டையும் எதிர்ப்பக்கமாகப் பின்ன வேண்டும். நான் இரண்டையும் ஒரே பக்கமாகச் செய்ததால், இழுத்ததும் பிரிந்துவிட்டது. மூன்று முறை.

"கான்வென்ட்ல இதச் சொல்லித் தரலையோ?" என்று சிரித்தார். நான்காவது, இருவர் கையும் சேர்ந்து முறுக்கியது. அது நின்றது.

அடக்கத்துக்கு மறுவாரம் மைதானத்துக்குப் போனேன். நாங்கள் சேர்ந்து முறுக்கிய அந்த நாணின் நடுவில் இழை பிசிறியிருந்தது. பீரோவில் வைத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு வெட்டிவிட்டு, புதியதைத் தனியாகவே முறுக்கினேன். பிரியவில்லை.

லூர்துவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. தயங்கினாலும் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிற கை இருக்கிறது. என் கணவரின் வில்லும் இருக்கிறது, முறியாமல்.