டிக்கி நிறைய இளநீரோடு பொன்னானிக் கடலுக்கு

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்பும்போதே எனக்கு எரிச்சல். கார் டிக்கி முழுக்க இளநீர். எங்கள் பெட்டி பின்சீட்டில் மனைவி தேவியின் மடியில். கேரளக் கடற்கரைக்குப் போகிற யாராவது இளநீர் கட்டிக்கொண்டு போவார்களா? என் மச்சான் போவார்.

மச்சான் சுப்பிரமணி, தேவியின் அண்ணன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பில் வேர்வாடல் நோய் விழுந்துவிட்டது. சீக்கு மரங்களை வெட்ட நாளை ஆள் வருகிறது. வீட்டில் விட்டால் அண்ணன் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கும் என்று தேவிதான் இந்தப் பயணத்தைப் போட்டாள். மழைக்காலக் கடல் ஆசையில் நான் தலையாட்டினேன்.

வாளையாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒத்தப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம் வழியாகப் பொன்னானி நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மூன்றரை மணி நேரம் என்றது போன். போனுக்கு என் மச்சானைத் தெரியாது.

“ஏனுங்க மாப்ள, அப்புடி ஓரங்கட்டுங்க.”

தோப்பு கண்ட இடமெல்லாம் இதே கதை. குடையோடு இறங்குவார், அண்ணாந்து பார்ப்பார், எதிர்ப்பட்டவரிடம் அரை மலையாளத்தில் ஒரே கேள்வி: இந்தச் சீக்கு வந்த மரம் ஏதாவது திரும்பத் தேறியிருக்கிறதா? அவர்கள் கையை விரிப்பார்கள். மச்சான் சேறோடு வந்து ஏறுவார். கார் குழியில் இறங்கினால் பின்னால் இளநீர் கடமுடவென்று உருண்டு என் உயிரை வாங்கும்.

பொன்னானிக்குத் தெற்கே கரையோர ரோடு. வலப்பக்கம் கடல் இரைகிறது, கண்ணுக்குத்தான் சிக்கவில்லை. வைப்பர் துடைத்த அரைவட்டத்தில் தென்னை, தென்னை, மறுபடி தென்னை. வெளியங்கோட்டில் சாயா குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். டிக்கியைப் பார்த்த கடைக்காரர் இங்கே தேங்காய்ப் பஞ்சமா என்று கேட்டுச் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

மதியம் போல, பாலப்பெட்டியில் கடல் கிடைத்தது. சாம்பல் நிறம், கரைக்கல்லை ஏறிக் குதித்து வந்து எங்கள் முகத்தில் உப்பை அறைந்தது. இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன். மச்சானோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்து நின்றார்.

“மச்சான், கடல் அந்தப் பக்கமுங்க.”

“தெரியுதுங்க மாப்ள. அது எங்கீம் போவாதுங்க.”

பிறகு டிக்கியைத் திறந்து அரிவாளை எடுத்து ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். வேண்டா வெறுப்பாக வாங்கிக் குடித்தேன். அப்படியொரு இனிப்பு.

“இனிக்குதுங்களா?”

“இனிக்குதுங்க.”

“நாளைக்கு வெட்டற மரத்துல எறக்குனதுங்க. கடைசிக் குலை. யாவாரிக்குப் போட மனசு வல்லீங்க.”

தேவி குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கடலுக்குப் போக முடியாமல் தார்ப்பாய்க்கு அடியில் மீன்காரர்கள் குந்தியிருந்தார்கள். மச்சான் ஒவ்வொருவருக்கும் சீவிக் கொடுத்தார். முதலில் கேலி பேசினார்கள். குடித்ததும் இன்னொன்று கேட்டார்கள். நான் சுமந்து சுமந்து நீட்டினேன். டிக்கி காலியாகும்வரை கடலை நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியிலும் மழை. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் காது அந்தக் கடமுடாவுக்குக் காத்திருந்து ஏமாந்தது. பட்டாம்பி தாண்டி ஒரு தோப்பு. யாரும் சொல்லாமலே ஓரங்கட்டினேன்.

மச்சான் கண்ணாடி வழியே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். குடையை எடுக்கவில்லை.

“போலாமுங்க மாப்ள. காலைல ஆளுங்க வெள்ளன வந்துருவாங்க.”