பம்பரமும் மைக்கும்

என் நாத்தனாருக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பாள். நடக்கும்போதே தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும். "யாருடி உன்னைத் துரத்துறா?" என்றால், "நடுக்களத்துல ஆடுறவளுக்கு முதுகுலயும் கண்ணு வேணும் அண்ணி" என்பாள்.

கால்பந்துதான் அவளுக்குச் சோறு போட்டது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தவளை ஒரு கிளப் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் அது. அங்கே நடுக்களத்தில் அவளுக்கு ஜோடியாக ஆடியவள் மைக். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தொண்டை வாங்கிக் கொடுத்த பெயர் இது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "இங்க!" என்று கத்தினால், வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் திரும்பிப் பார்ப்பார். குரல் வந்த திக்கில் என் நாத்தனார் பார்க்காமலே பந்தைத் தள்ளிவிடுவாள். அது மைக்கின் காலடியில் போய்த்தான் நிற்கும். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. "இதுங்க ரெண்டுக்கும் நடுவுல கம்பி இழுத்திருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

பிறகு என் நாத்தனாருக்கு முட்டிக்குள் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆகிக் கட்டிலில் கிடந்தபோதும் நல்ல கால் ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து வருவதற்குள் அந்தக் கிளப் வேறு ஆளைப் போட்டுவிட்டது. இன்னொரு கிளப் எடுத்தது. ஆனால் சீசனின் முதல் பாதிக்கு மட்டும். அதில் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு. அந்த ஆட்டம் போயும் போயும் பழைய கிளப்போடு வந்து விழுந்தது.

அந்த வாரம் முழுக்க வீடு ஒரு நிலையில் இல்லை. அவள் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். நான் கடவுளிடம் வேண்ட உட்கார்ந்தால் வாய் வரவில்லை. மைக்கும் என் கையால் சாப்பிட்டவள். அவள் தோற்கட்டும் என்று எப்படிக் கேட்பது? "எங்க பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும் ஆண்டவா, மத்ததை நீ பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பந்து என் நாத்தனாரிடம் வந்தது. முன்னால் இரண்டு பேர் மறித்தார்கள். பின்னாலிருந்து "இங்க!" என்று ஒரு குரல். மைக் தன் அணிக்காரியை உதவிக்குக் கூப்பிட்ட கூப்பாடு அது. இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளிவிட்டாள். அளந்து வைத்தமாதிரி மைக்கிடம் போய்ச் சேர்ந்தது. மைக்கே ஒரு கணம் திகைத்துப்போனாள். பிறகு அடித்தாள். கோல்.

"பழைய இடத்துலயும் சம்பளம் வருதோ என்னவோ" என்றார் என் பின்னால் இருந்தவர். சுற்றிலும் சிரிப்பு. அவருக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டேன். அப்போது என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இடைவேளையில் நடந்ததை அவள் பிற்பாடு சொன்னாள். பயிற்சியாளர் அம்மா, "ஜெர்சியைக் கழட்டு, வேற ஆளை இறக்குறேன்" என்றாராம்.

"மேடம், கண்ணை மூடிக்கிட்டும் அவ எங்க நிக்கிறான்னு சொல்லுவேன். கத்துற இடத்துல அவ இருந்தா, அவ காக்க வேண்டிய இடம் காலின்னுதானே அர்த்தம்? என்னை விட்டுப் பாருங்க. இன்னொரு தப்பு பண்ணா நானே கழட்டித் தர்றேன்."

"நீ கழட்டறதுக்குள்ள நான் பிடுங்கிடுவேன்" என்றவர், ஏனோ விட்டுவிட்டார்.

மைக் சும்மா இருப்பாளா? ருசி கண்ட பூனை. பந்து இவளிடம் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே, "இங்க! இங்கடி!" ஒவ்வொரு தடவையும் இவள் கால் துடித்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டாள். ஆட்டம் முடியும் தறுவாயில் வலப்பக்கம் வெகுதூரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இவள் குரலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மைக் விட்டுவந்த வெற்றிடத்தில் பந்தை விட்டாள். இவள் அணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து வலைக்குள் தள்ளினாள்.

அதோடு ஆட்டம் சமமாக முடிந்தது. நான் கேட்டதற்கு மேல் ஒரு பிடியும் கடவுள் கொடுக்கவில்லை. குறைக்கவும் இல்லை.

பயிற்சியாளர் பாராட்டியதாகத் தெரியவில்லை. "திங்கக்கிழமை நேரத்துக்கு வா. சீசன் முடியற வரைக்கும் வந்துக்கிட்டிரு" என்றாராம்.

அன்று மைக்கும் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தவள் விக்கல் எடுத்து, "இங்க! தண்ணி!" என்று கத்தினாள். என் நாத்தனார் அண்ணனுக்கு ஊற்றிய டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். அண்ணன் நீட்டிய கையைத் தாண்டி டம்ளர் மைக்கிடம் போய்விட்டது.

"உன் கிளப்புல சொல்லிடட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர், வெறுங்கையை நீட்டியபடியே.

மைக்குக்கு விக்கலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. "இனியாவது உட்காருடி, வேலைதான் நிலைச்சிடுச்சே" என்றேன் நாத்தனாரிடம்.

"சீசன் முடியற வரைக்கும்தானே அண்ணி" என்று தட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.