அந்த ஒரு வரியை எழுதியவள் நான்

சுமையாவை எங்கள் நிறுவனம் கொன்றது. மரணச் சான்றிதழில் டெங்கு என்று இருக்கிறது, அதில் பிழை இல்லை. ஆனால் காய்ச்சல் விட்ட அன்று, பாயில் படுத்திருக்க வேண்டிய ஒருவரைத் தோப்பூரிலிருந்து பஸ் ஏற்றித் திருகோணமலைக்கு வரவழைத்தது நிறுவனம்தான். வரச் சொல்லித் தொலைபேசி எடுத்தவள் நான்.

அவர் இறந்த செய்தியும் அவருடைய தொலைபேசி இலக்கத்திலிருந்தே வந்தது. திரையில் பெயரைக் கண்டதும், "சொல்லுங்க சுமையா, இப்ப எப்பிடி இருக்கு? ஒரு ரவுட்டரைப் பற்றிக் கேக்க இருந்தனான்" என்று கதைக்கத் தொடங்கிவிட்டேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல். "நான் அவட தம்பி. ராத்தா மௌத்தாகிட்டா." நான் ரவுட்டரின் பெயரை எழுதிய கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உங்களில் எங்களோடு வலையமைப்புப் பயிற்சி நெறி படித்தவர்களுக்குச் சுமையாவைத் தெரியும். முன்வரிசையில் இருந்து, கேள்வி கேட்டே விரிவுரையாளரை வியர்க்க வைத்தவர். பிறகு நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியர்களாகச் சேர்ந்தோம். துறைமுகத்தை அண்டி, சுங்கத்தில் சாமான் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் கந்தோர்களுக்கும் கப்பல் முகவர்களுக்கும் இணைய இணைப்புக் கொடுத்துப் பராமரிக்கும் வேலை. எங்கள் பிரிவில் நாங்கள் இருவர் மட்டும் பெண்கள். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. பகல் சாப்பாடும் ஒன்றாகத்தான். ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது அவரை அடக்கிய பிறகு.

அவர் செய்த வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறுவனத்தில் யாரும் சொல்லப்போவதில்லை. இணையத்தில் நாங்கள் பெயரைத் தட்டுகிறோம், இயந்திரங்களுக்கு வேண்டியது இலக்கம். பெயரைக் கொடுத்து இலக்கத்தைக் கேட்டு வாங்குவதைத்தான் டிஎன்எஸ் தேடல் என்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்களை இணையத்தோடு இணைக்கும் பெட்டிகளான ரவுட்டர்கள், அனுமதித்த தளங்களுக்கு மட்டும் வழிவிடும். அந்த அனுமதிப் பட்டியலில் தளத்தின் பெயரைக் கொடுத்தால், ரவுட்டர் அந்த நேரத்தில் ஒரு தடவை இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கேட்காது. தூரத்தில் உள்ள தளம் தன் இலக்கத்தை மாற்றினால், இங்கே கந்தோர்க் கதவு மூடிவிடும். சுங்கப் பத்திரம் அனுப்ப முடியாமல் எழுதுவினைஞர் தொலைபேசியில் கத்துவார், சாமான் துறைமுகத்தில் கிடக்கும், நாங்கள் ஓடுவோம்.

சுமையா ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், எழுதினார். ரவுட்டருக்குள்ளேயே இருந்து, மணிக்கொரு தடவை ஒவ்வொரு பெயருக்கும் இலக்கத்தைக் கேட்டு, மாறியிருந்தால் அனுமதியையும் மாற்றிவிடும். ஒருவரும் அவரை எழுதச் சொல்லவில்லை. எழுதி முடித்து, முகாமையாளரிடம் காட்டி, அவர் "சரி, போடுங்க" என்று வாயால் சொன்ன பிறகே எல்லா ரவுட்டரிலும் போட்டார். அதற்குப் பிறகு அந்த அழைப்புகள் நின்றன. "ஒரு நன்றியாவது சொன்னாங்களா?" என்று நான் கொதித்தேன். "வேலை செய்யிற சாமானத் திரும்பிப் பாக்க யாருக்கு நேரம் இரிக்கி?" என்று சொல்லிவிட்டு அவர் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

ரவுட்டரில் இன்னொரு பழக்கம் உண்டு. தெரியாத சொல்லைத் தட்டினால், அது ஏதோ ஓர் இயந்திரத்தின் பெயர் என்று நினைத்து வலையமைப்பு முழுக்கத் தேடப் போய்விடும். அது திரும்பி வரும்வரை திரை உறைந்து கிடக்கும். ஒரு நாள் சுமையா பக்கத்திலிருந்து "தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்க, நான் வாயால் சொல்ல வேண்டிய 'ஓம்' என்பதை விரலால் ரவுட்டரில் தட்டிவிட்டேன். அது தேடப் போனது. சுமையா எழும்பி வந்து திரையைப் பார்த்தார். "ஓம் எண்டு ஒரு ஆள் எங்கயோ இரிக்காராம், தேடுது. இரிங்க, கிடைச்சா அவருக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லுவம்." அன்று பின்னேரம்வரை இருவரும் சிரித்தோம்.

இந்த எரிச்சலுக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு மருந்து இருக்கிறது. தேடாதே என்று ரவுட்டருக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த வரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த வரி போட்டால் ரவுட்டர் எதையுமே தேடாது. சுமையாவின் ஸ்கிரிப்டும் கண் தெரியாமல் நிற்கும். "மத்த எதையும் மாத்துங்க. இந்த வரிய மட்டும் போட்றாதீங்க" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஓம் என்று தலையாட்டியிருந்தேன்.

அவர் காய்ச்சலில் வீட்டில் இருந்த மூன்றாம் நாள், எல்லா ரவுட்டர்களின் அமைப்பையும் ஒரே மாதிரியாக்கச் சொன்னார் முகாமையாளர். நான் செய்தேன். கை பழகிய பழக்கத்தில் அந்த வரியையும் போட்டேன். எல்லாவற்றிலும் போட்டேன்.

தளங்கள் இலக்கத்தை மாற்ற மாற்ற, அடுத்த நாள் காலையில் கந்தோர்களின் இணைப்பு ஒவ்வொன்றாக நின்றது. நான் போட்ட வரி அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை. முகாமையாளர் என் மேசைக்கு வந்தார். "சுமையாட ஸ்கிரிப்ட்தான் குழப்புது. அவவ வரச் சொல்லுங்க." காய்ச்சல் என்றேன். "நாலு நாளாப் போச்சு. ஒப்பந்த ஆக்களுக்கு இவ்வளவு நாள் லீவு எங்க இருக்கு?" வீட்டிலிருந்தே இணைந்து சரிபார்க்கலாம் என்றேன். அந்த வசதி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்றார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"காய்ச்சல் விட்டிட்டு, வாறன்" என்றார் சுமையா.

டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகப் பிறகு அவருடைய வீட்டில் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அழைத்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். முகாமையாளர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி படியேறினார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கதிரையில் அமர்ந்து, கணினியில் ஒரு ரவுட்டரைத் திறந்தார். பத்து நிமிடம் ஆகவில்லை, அந்த வரியில் அவருடைய விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. வரியை எடுத்துவிட்டு, மற்ற ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் செய்கிறேன் என்று கேட்டும் விடவில்லை.

முகாமையாளர் வந்தார். "என்ன பிழை?"

"ஸ்கிரிப்ட்டில ஒரு சின்னக் கோளாறு, சேர். சரியாயிட்டு."

படியிறங்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நிரந்தரமாக்கிற பட்டியல்ல உங்கட பேர் போயிரிக்கி. என்ட பேர் இல்ல. என்ன செய்வாங்க எனக்கு? நிரந்தரமாக்காம விட்டிடுவாங்களா?" என்று சிரித்தார். நான் முச்சக்கர வண்டி பிடித்து, பஸ் நிலையத்தில் அவரை ஏற்றிவிட்டேன். யன்னல் பக்க இருக்கை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவரை நான் கடைசியாகக் கண்டது அப்படித்தான். இரண்டாம் நாள் தம்பி அழைத்தார்.

தோப்பூரில் அவருடைய வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எனக்கு முன்பே முகாமையாளர் வந்து போயிருந்தார். ஆறுதல் என்று நினைத்து அவர் சொல்லிவிட்டுப் போனது இது: "பாவம், கடைசியா விட்ட பிழையையும் அவவே வந்து திருத்தினவ." சுமையாவின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்துல இருந்து வேல செஞ்ச புள்ள நீங்கதானே. என்ட புள்ள பிழை விட்டதா மகள்? அவ கணக்காச் செய்யிற புள்ளயே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "இல்ல உம்மா, அவ நல்லா வேலை செய்தவ" என்று மட்டும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். கையை விட்டுவிட்டார்.

பிறகு அறிக்கை வந்தது. தற்காலிக ஊழியர் ஒருவர் அனுமதியின்றி இயக்கிய ஸ்கிரிப்டினால் சேவை தடைப்பட்டது என்று எழுதி, சுமையாவின் பெயரையும் போட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினார்கள். உங்களில் சிலரும் அதை வாசித்திருப்பீர்கள். செத்தவர் மறுத்து எழுதமாட்டார் என்பது அவர்களுக்கு வசதி. அதே ஸ்கிரிப்ட் இன்றைக்கும் மணிக்கொரு தடவை அவர்களுக்காக ஓடுகிறது. எனக்கு நிரந்தர நியமனக் கடிதமும் தந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து இணையும் வசதியும் அதோடு வந்தது.

பக்கத்துக் கதிரையில் இப்போது பழைய வயர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பகல் சாப்பாட்டை நான் பாலையூற்றில் உள்ள என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். சில நாள் அதைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோகிறேன். பிரிவில் எல்லோரும் என்னோடு நல்லபடியாகத்தான் கதைக்கிறார்கள். சுமையாவைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை.

அவருடையதென்று நான் வைத்திருப்பது ஒரு கோப்பு. ஸ்கிரிப்ட் தேடும் பெயர்களை அவர் எழுதி வைத்த பட்டியல். ரவுட்டர் படிக்காத குறிப்புகளாக, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருக்கிறார். "இது நிண்டா நிர்மலா அக்கா வீட்ட போகப் பிந்தும், அவட புள்ள பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்." "இந்த ஐயா கத்துவார், பிறகு அவரே எடுத்து மன்னிப்புக் கேப்பார்." நாங்கள் ரவுட்டர்களைப் பார்த்த இடத்தில் அவர் ஆட்களைப் பார்த்திருக்கிறார். அந்தப் பட்டியலை அச்சடித்து என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுதி, நான் இட்ட வரியையும் இட்ட நேரத்தையும் காட்டும் பதிவோடு, நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரு சொல் பதில் இல்லை. என் வேலை போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகட்டும். நான்காவது தடவையாக, சுமையாவை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நிறுவனத்தைக் கேட்கிறேன்: அந்த அறிக்கையைத் திருப்பி எழுதுங்கள். அவருடைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். அவரை அழைப்பித்தது யார் என்பதையும் போடுங்கள். போட்டு, தோப்பூருக்குக் கொண்டுபோய், அவருடைய உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.