ஜன்னல் அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரிகளில் அவளைப் படக்காரம்மா என்பார்கள். வீட்டில் கணவர் 'படக்காரி' என்பார், அதுவும் வம்புக்கு இழுக்கும்போது மட்டும். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை நல்ல தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, எந்தச் சுவரில் எது தொங்க வேண்டும் என்று தீர்மானித்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். "ஒரு ஆணி, ஒரு சுத்தியல், இதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆள்?" என்று எவராவது வாய்விட்டால் போச்சு, அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்.

சும்மா இல்லை ஐயா அந்த வேலை. டயாலிசிஸ் பிரிவில் கடல் படம் கூடாது. தண்ணீரை அளந்து குடிக்கும் மனிதர் முன்னால் அலையை விரித்து வைப்பதைவிடக் கொடுமை உண்டா? ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு காத்திருப்பவர் எதிரில் பழத்தட்டு கூடாது. புற்றுநோய்ப் பிரிவில் இலையுதிர்ந்த மரமா? மூச்! சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு, அதன் பக்கத்தில் எந்த நிறம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோடு படுத்திருந்தால் பார்ப்பவர் மனசும் கொஞ்சம் சாய்ந்து உட்காரும், சரிந்து நின்றால் பதறும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அவள் அந்த வார்டில் காலியாக இருக்கும் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்ப்பாள். நர்சுகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அச்சாகி வரும் ஒவ்வொரு படமும் முதலில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் சாய்ந்து நிற்கும். அங்கேதான் கணவரின் நீதிமன்றம். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நிறமாவது, நிழலாவது! எது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அவருக்குக் கவலை.

"இந்தக் குதிரைக்காரன் ராங் சைடுல வரான் பாரு."

"ஐயோ, அது போர்க்களங்க!"

"போர்க்களம்னா ரூல்ஸ் கிடையாதா?"

வேண்டுமென்றே அவள் வாயைப் பிடுங்குவார். அவளும் சளைக்காமல் மல்லுக்கு நிற்பாள். சாப்பாடு ஆறிப்போகும். பேசத் தெரியாத மனிதர் அன்பைக் காட்ட இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அவள் உயிரை வைத்திருந்த படம் ஒன்று உண்டு. சில நூற்றாண்டுகளுக்கு முன் வெர்மீர் என்ற ஓவியர் வரைந்தது. சமையலறையில் ஒரு பெண் ஜாடியிலிருந்து பாலை ஊற்றுகிறாள். அவ்வளவுதான் சங்கதி. இடப்பக்கம் ஜன்னல், அதன் கீழே மேசை, மேசைமேல் ரொட்டி. மஞ்சள் சட்டையும் இடுப்பில் கட்டிய நீலத் துணியுமாக நிற்கும் அவள் மீது ஜன்னல் வெளிச்சம் விழுகிறது. வலப்பக்கம் ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவர். "கண்ணு ஜன்னல் வழியா வெளிச்சத்தோடயே உள்ள வருது, அந்தப் பொண்ணுகிட்ட நிக்குது, அப்புறம் சுவத்துல போய் ஓய்வெடுக்குது" என்று அவள் விளக்குவாள். "இவ்வளவு நிதானமா பால் ஊத்தினா ஸ்கூல் பஸ் போயே போயிடும்" என்பார் அவர்.

அந்த மனிதர்தான் ஒரு காலையில் பேருந்தைக் கிளப்பப் போனவர், ஸ்டியரிங் மேல் சரிந்துவிட்டார். நல்லவேளை, பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. பேச்சும் தப்பியது, கிண்டல்கூடத் தப்பியது. இடக்கை மட்டும் துவண்டுவிட்டது.

அதையும்விட வினோதமான ஒன்று நடந்திருந்தது. அவருக்கு உலகத்தின் இடப்பாதியே இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்கிற நினைப்புதான் இல்லை. தட்டில் வலப்பாதியைத் தின்றுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டுக் கத்தியை வைத்துவிடுவார்.

"நீங்க எப்பவும் அவருக்கு இடது பக்கமே உக்காருங்கம்மா. அவரா தலைய திருப்பித் தேடணும். தேடினாதான் மூளை பழகும்" என்றாள் கை காலுக்குப் பயிற்சி தரும் பிசியோ பெண். "பழகலன்னா ரோட்டக்கூட தனியா தாண்ட முடியாது."

படக்காரம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவள் கூப்பிட்டால் அவர் வலப்பக்கம் தேடுவார். திரைச்சீலையைப் பார்த்து, "எங்கடி நிக்கிற? ஒளிஞ்சு விளையாடுற வயசா நமக்கு?" என்பார். பிறகு மறந்துவிடுவார். நர்ஸ் வந்தால், "என் வீட்டுக்காரி இன்னைக்கும் வரலையா? படம்னா போதும், புருஷன மறந்துடுவா" என்று குறை சொல்வார். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பவளுக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்து வலப்பக்கம் போய் நின்றுவிடலாமா என்று கால் பரபரக்கும். பிசியோ பெண் கண்ணாலேயே அதட்டுவாள்.

ஒருநாள் அவர் எதிர்ச் சுவரைப் பார்த்து முனகினார்.

"எந்தப் புண்ணியவான் இந்தப் படத்த மாட்டினான்? வெறும் சுவரு, அதுல ஒரு ஆணி. காலையிலேர்ந்து இதையே பாத்துட்டு கெடந்தா நல்லா இருக்கிறவனுக்கும் கிறுக்குப் பிடிக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே தொங்கியது பால் ஊற்றும் பெண். இந்த வார்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். இதே வரிசைக் கட்டிலில் படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. எழுந்து போய்த் துண்டால் படத்தின் இடப்பக்கத்தை, அந்தப் பெண் நிற்கும் இடம்வரை மூடினாள். ஜன்னல் போயிற்று. ரொட்டி போயிற்று, பால் போயிற்று, ஊற்றுகிற பெண்ணும் போனாள், வெளிச்சம் வருகிற இடமே போயிற்று. மிச்சமிருந்தது சாம்பல் பூத்த ஒரு சுவர், ஒரு ஆணி, தரையில் ஒரு மரப்பெட்டி. ஆறுதலுக்கென்று மாட்டியது இந்த மனிதருக்குச் சிறைச்சுவராக இருந்திருக்கிறது. அவளால் தாங்க முடியவில்லை.

நேரே அச்சகத்துக்குப் போனாள். படத்தை வலம் இடமாகத் திருப்பி அடிக்கச் சொன்னாள். அச்சுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். படம் ஒன்று இப்படி இடம் வலம் மாறி வந்ததற்காக ஒரு ஹோட்டல் வேலையையே தூக்கி எறிந்தவள் ஆயிற்றே!

"அக்கா, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? வெளிச்சமே தப்பா வந்துருமே."

"தப்பாவே வரட்டும். அடிங்க."

பிசியோ பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். "நான் இடது பக்கம் திருப்பப் பாக்கிறேன். நீங்க எல்லாத்தையும் வலது பக்கம் கொண்டுவந்து கொடுக்கிறீங்களே!"

"மனுஷன் கொஞ்சம் வெளிச்சமாவது பாக்கட்டும்மா. அப்புறம் என்ன வேணா திட்டு" என்றாள் படக்காரம்மா. அவள் குரல் உடைந்ததைப் பார்த்து அந்தப் பெண் பிடிவாதத்தை விட்டாள்.

புதுப்படத்தை மாட்டிவிட்டு, பழக்கம்போல இடப்பக்க நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மாட்டியது அவளுக்கே கண்ணை உறுத்தியது.

அவர் பார்த்தார். முகம் மலரவில்லை. நெற்றி சுருங்கியது.

"இது நம்ம பால்காரி ஆச்சே."

பிசியோ பெண் நிமிர்ந்தாள்.

"ஜன்னல் எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு? தப்பு. தப்பா மாட்டியிருக்கானுங்க. என் வீட்டுக்காரி பாத்தா தோலை உரிச்சிடுவா." அவர் குரலில் பழைய காரம் ஏறியது. "ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கணும்? எத்தனை தடவ சொல்லியிருக்கா, வெளிச்சம் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் உள்ள வரணும்னு!"

அந்தப் பக்கம் என்று சொல்லும்போதே அவர் முகவாய் லேசாக அசைந்தது. பார்வை ரொட்டியைத் தாண்டியது, பெண்ணைத் தாண்டியது. சுவர்வரை போய் அங்கே ஜன்னல் இல்லை என்று எரிச்சலோடு இன்னும் நகர்ந்தது. கழுத்து அதன் பின்னாலேயே திரும்பியது. சட்டத்தைத் தாண்டி, மருந்து அலமாரியைத் தாண்டி வந்தது. பிசியோ பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவர் கண்கள் நாற்காலியில் வந்து நின்றன. ஒரு கணம் திகைத்தார்.

"அட," என்றார். "நீ எப்ப வந்த?"

அவள் அவருடைய இடக்கையைப் பிடித்தாள்.

"இப்பதாங்க."