பின்னால் போகாத கார்

என் மாமாவின் கார் பின்னால் போகாது. பெரம்பலூரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முன்னால் போவதில் அதற்கு இணையான வண்டி திருச்சி வரைக்கும் கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை வாய் வலிக்கச் சொல்லித் தெரியவைத்தவள் நான்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். திருச்சி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை அவருடையது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வந்திருந்த இன்ஜினியர் ஒருவர், ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. சீமையில் செய்தது, பச்சை நிறம், தலைக்கு மேல் கூரை கிடையாது. இரண்டே சீட்டு. ஒன்று மாமாவுடையது, இன்னொன்று என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது நிற்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். நின்றால், அவர்களைக் கவனிக்காதவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போவேன்.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே ரிவர்ஸ் கியர் உடைந்துவிட்டது என்று மாமா சொன்னார். அதற்கான பல்சக்கரம் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டுமாம். ஊருக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற மனிதருக்குத் தன் வண்டிக்கு ஒன்றை வரவழைக்கத் தெரியவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பாகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை தோறும் மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு, காரைக் காம்பவுண்டுக்குள்ளிருந்து பின்பக்கமாக ரோட்டுக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் மச்சான், இன்னும் கொஞ்சம் என்பார். நான் என் சீட்டில் சாய்ந்துகொண்டு, தள்ளுவது போதாது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை என்றால் அரியலூர். அங்கே ஒரு லாரி ஷெட்டில் சாமான் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஷெட் ஒரு குறுகலான தெருவின் தொடக்கத்திலேயே இருந்தது. வேறு கார் என்றால் சாமானை இறக்கிவிட்டு வந்த வழியே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் காரால் அது ஆகாது. அதனால் தெரு முழுக்க முன்னாலேயே போய், கோயிலைச் சுற்றி, மறுபடியும் அதே தெருவுக்குள் வருவோம். சில நாள் மாமா பேச்சு சுவாரஸ்யத்தில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றுவார். வழி சொல்வது என் பொறுப்பு. திரும்புங்க மாமா, திரும்புங்க என்று நான் கத்தினாலும் அவர் காதில் விழாது.

அந்தத் தெருவின் நடுவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. தெருவுக்குள் நுழையும்போதே டக டகவென்று சத்தம் கேட்கும். எங்கள் கார் கிட்டே வரும்போது அதில் ஒரு மிஷின் மட்டும் நின்றுவிடும். சொல்லிக்கொடுக்கிற அக்கா ஜன்னலுக்கு வருவாள். நான் கை ஆட்டுவேன், அவளும் ஆட்டுவாள். ஒருநாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு நின்றபோது அவளே குடத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் இத்தனை சுற்றுச் சுற்றுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டாள். ரிவர்ஸ் கியர் கதையை நான் விளக்கமாகச் சொன்னேன். மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நன்றாக விளக்கிவிட்டதால் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, குன்னத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் வந்த ஜாதகங்களை எல்லாம் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறான், வீட்டுக்கு ஒரு பெண் வராததற்கு இந்த வண்டிதான் காரணம் என்பது அவள் கட்சி. சீட்டே இரண்டுதான், அதிலும் ஒன்றில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள், வருகிறவள் எங்கே உட்காருவாள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அந்த வருஷம் மாமாவைத் திருச்சியில் இருந்த பழைய கார்க்காரர்களின் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கார்த்திகை மழை விட்டதும் அவர்களுக்கு சீசன். கத்திரி வெயிலில் கிழட்டு ரேடியேட்டர்கள் கொதித்துவிடும் என்பதால் அதற்கு முன் எல்லாம் முடிந்துவிட வேண்டும். மாமா அந்த நிகழ்ச்சிகளைக் கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன வாகனம் என்று அறிவிக்கிற மாதிரி சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். தையில் சீசன் திறப்பு: திருச்சியிலிருந்து எல்லாக் கார்களும் பெரம்பலூர் வந்து, இங்கிருந்து அரியலூர் போய், அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி. மாசியில் பச்சைமலை ஏறுவது. பங்குனியில் தரங்கம்பாடிக் கடற்கரை வரை போய் சீசன் நிறைவு. நான் கடலைப் பார்த்ததே இல்லை. தரங்கம்பாடிக்குப் போட்டுக்கொள்ள ஒரு கவுனை அப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

அம்மா ஒன்றுதான் சொன்னாள். "நாலு ஊரு சனம் பாக்க இந்த வண்டி மானத்த வாங்குச்சுன்னா, மறுநாளே இரும்புக் கடைக்குப் போயிடணும். அப்பறம் நான் காட்டுற பொண்ணுக்குத் தாலி கட்டணும்."

மாமா சரி என்றார். எங்கள் காரின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையில் நானும் சரி என்றேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கார்கள் வந்தன. அரியலூர் மைதானத்தில் தார் டிரம்களை வரிசையாக வைத்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு மேஜை. போட்டி முடிவுகளை உடனுக்குடன் அடித்துத் தர இன்ஸ்டிட்யூட் அக்கா மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். அந்த ஏற்பாடு மாமா செய்தது. அம்மாவும் அப்பாவும் புளிச்சோற்றுத் தூக்கோடு பஸ்ஸில் வந்து மேஜைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டார்கள்.

சங்கத்துச் செயலாளர் மைக்கில் விதிகளைச் சொன்னார். டிரம்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். கோட்டில் நிற்க வேண்டும். கடைசியாக ரிவர்ஸில் வந்து சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வண்டியை நிறுத்த வேண்டும்.

மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் நன்றாக இல்லை. விலகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் மேஜைப் பக்கம் பார்த்தார். அம்மா நிற்கிறாளே என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

டிரம்களுக்கு நடுவே அருமையாகத்தான் போனோம். கோட்டில் அச்சாக நின்றோம். இனிமேல்தான் மானம் போகப் போகிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் காரை உடைக்கிற இரும்புக் கடை, வெறும் காம்பவுண்டு, பார்க்காமலே போகும் கடல் எல்லாம் கண்முன் தெரிந்தது. மாமா குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சிறுவாச்சூர் ஆத்தாள நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்க. நான் சொல்றப்பத் தெறந்தாப் போதும்."

சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாளில் ஆத்தாள் மலைக்குப் போய்விடுவாள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டினால் காதில் விழுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால் மனசுக்குள் நன்றாகச் சத்தம் போட்டே வேண்டிக்கொண்டேன். இந்த ஒரு ரிவர்ஸைக் கொடு, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். மாமாவின் கை என் சீட்டின் முதுகுப் பக்கம் வந்து பதிந்தது. ஏதோ ஒன்று கடகடவென்று மாறியது. கார் பின்னால் போயிற்று. கண்ணைத் திறந்தபோது கட்டத்துக்கு நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தோம். கூட்டம் கை தட்டியது.

நான் காரைவிட்டுக் குதித்து மேஜைக்கு ஓடினேன். அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த வண்டி பின்னாடி போவாதுன்னுல்ல சொன்ன?"

"போவாதுதாங்க்கா. நான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். போயிடுச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. புளிச்சோற்றுக் கரண்டி கையிலேயே நின்றது. ரிவர்ஸ் போகாததால் சனிக்கிழமைகளில் எந்தத் தெருவைச் சுற்றுவீர்கள் என்று என்னை அமைதியாகக் கேட்டாள். வழி சொல்வது என் பொறுப்பல்லவா, ஒரு திருப்பம் விடாமல் சொன்னேன். கோயில், தெரு, இன்ஸ்டிட்யூட் மாடி, ஜன்னல், குடத்துத் தண்ணீர் எல்லாம் சொன்னேன். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா மிஷினில் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு விஷயம் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நேராக மாமாவிடம் போனார்.

"மாப்ள, ரெண்டு வருஷம் தள்ளியிருக்கேன்யா."

எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போய்விட்டது. முன்னாலேயே வேண்டிக்கொண்டிருந்தால் அப்பா இத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டாம். எனக்கு அந்த யோசனை வராமல் போயிற்றே என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூரில் தேங்காய் உடைத்தேன். அம்மா தன் பங்குக்கும் ஒன்று உடைத்தாள். அங்கிருந்து என்னை வீட்டில் விட்டுவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மாவும் அப்பாவும் அரியலூர் பஸ் ஏறினார்கள். அக்காவின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசிப் பார்த்ததில் சுற்றி வளைத்து ஏதோ சொந்தம்கூட வந்தது. சுற்றி வளைப்பது அந்தக் கல்யாணத்துக்குப் புதிதல்ல. மாசியில் முகூர்த்தம் என்பதால் பச்சைமலை ஏறுவது அந்த வருஷம் இல்லை என்று மாமா சொன்னார். பரவாயில்லை, தரங்கம்பாடி இருக்கிறதே என்று நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

பங்குனியில் அந்த நாளும் வந்தது. தலை பின்னி, எடுத்துவைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். என் சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அக்கா என்று கூப்பிடக் கூடாது, இனி அத்தை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அத்தை எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அடுத்த தடவை கட்டாயம் நீதான் என்றார் மாமா. என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. அத்தையின் சீட்டு முதுகில் கையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். யாரும் தள்ளாமலே கார் பின்னால் போய், ரோட்டில் இறங்கித் திரும்பி, கடலைப் பார்க்கப் போய்விட்டது.

நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் கேட்டது ரிவர்ஸ் மட்டும்தான். மற்றதை யார் கேட்டது?

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு சிறுவாச்சூர் போனேன். கோயில் திறந்திருந்தது, ஆத்தாள் மலைக்குப் போயிருக்கவில்லை, கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில்தான் இருந்தாள். கொடுத்த ரிவர்ஸைத் திரும்ப எடுத்துக்கொள், தேங்காயை நான் கேட்கமாட்டேன் என்று நேருக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். கார் எப்போதும் போல வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் ஆத்தாளுக்கு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.