பாளையில் வழுக்கிய குழந்தை

மலையாளத்து ஊரில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கைக்குழந்தையைக் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டுவோம். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்புவலி விடவில்லை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சரஸ்வதி சேச்சி, குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்ட, தொட்டில்போல் குழிந்த பாக்குமட்டை ஒன்றை, கமுகம்பாளையை, கொடுத்தார். மலையாளத்து வீடுகளில் அதுதான் வழக்கம்.

என் இரண்டு மாதப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தேன். குனிய முடியாததால் பாளையைத் துவைகல்லின் மேல் வைத்து, வெந்நீர் விளாவிய அகன்ற வெண்கல உருளியைக் கீழே வைத்திருந்தேன். செம்பை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் குழந்தை வழுக்கி உருளிக்குள் போய்விட்டாள்.

ஒரு கணம் என் கை எழவில்லை. தண்ணீருக்கடியில் அவள் வாயை மூடிக்கொண்டு, கண்களை அகலத் திறந்து என்னையே பார்த்தாள். அதில் பயமே இல்லை. அள்ளி எடுத்த பிறகுதான் அழுதாள்.

என் அலறல் கேட்டுச் சேச்சி ஓடி வந்தார்.

“பாளையில ஈரத் துவர்த்து விரிச்சில்லையா மோளே? எண்ணெ பட்டா அதுல ஒண்ணும் நிக்காது,” என்றவர், குழந்தையைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்: “தண்ணிக்குள்ள மூச்சுப் பிடிக்க இதுக்கு ஆரு படிப்பிச்சது?”

இப்போது கைக்குழந்தையாக இருக்கும் மகனைக் குளிப்பாட்டும்போது பாளையைத் தரையில் வைத்து, நனைத்த துண்டை விரித்துத்தான் கிடத்துகிறேன். செம்பில் முன்கூட்டியே தண்ணீர் மொண்டு வைத்துவிடுவதால், ஒரு கை எப்போதும் குழந்தை மேலேயே இருக்கும்.

ஐந்து வயதாகிவிட்ட பெண், தம்பி குளிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நிமிர்ந்தால் அந்தக் கண்கள் என் மேல் திரும்பும்; தண்ணீருக்கடியிலிருந்து பார்த்த அன்றைய அதே பார்வை. நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன்.